திங்கள்கிழமை காலையில் மட்டும் வயிற்று வலி... புது ஸ்கூலில் பிள்ளை ஒட்ட எத்தனை நாள் ஆகும்? பெற்றோர் எப்போ பொறுக்கணும், எப்போ பொறுக்கக் கூடாது?

"அம்மா, வயிறு வலிக்குதும்மா... இன்னைக்கு மட்டும் லீவு போட்டுக்கிறேன்மா."

ஸ்கூல் திறந்த சில வாரங்களில் பல வீடுகளில் கேட்கும் குரல் இது. வடலூர் நான்கு முனை சந்திப்பில் காலை எட்டு மணிக்கு நின்று பார்த்தால் தெரியும். குறிஞ்சிப்பாடி, நெய்வேலி, பண்ருட்டி, கடலூர் என நாலா பக்கமும் பிள்ளைகள் கிளம்புகிறார்கள். புது யூனிஃபார்ம், புது பை, புது ஷூ. ஆனால் முகத்தில் மட்டும் புதுசுக்கான சந்தோஷம் எல்லாருக்கும் இருப்பதில்லை.

'போகப் போக சரியாயிடும்' என்று சில வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். 'ஐயோ, பழைய ஸ்கூலுக்கே மாத்திடலாம்' என்று சில வீடுகளில் பத்தாவது நாளே முடிவெடுக்கிறார்கள். இரண்டுமே சில நேரம் சரி, சில நேரம் பெரிய தப்பு. எது எப்போ சரி? விரிவாகப் பார்க்கலாம்.

அந்த வயிற்று வலி நடிப்பா?

பெரும்பாலும் இல்லை. குடலுக்கும் மூளைக்கும் நேரடி நரம்புத் தொடர்பு இருக்கு. பயம், பதற்றம் வந்தால் குடலின் அசைவு மாறும், வயிறு இறுக்கிப் பிடிக்கும். பரீட்சைக்கு முன்னாடி நமக்கே வயிறு கலக்கும் இல்லையா? அதே கதைதான். பிள்ளைக்கு 'எனக்குப் பதற்றமா இருக்கு' என்று சொல்லத் தெரியாது. வயிறு வலிக்குது, தலை வலிக்குது என்றுதான் சொல்லத் தெரியும்.

வலி எந்த நேரத்தில் வருது என்று ஒரு வாரம் கவனியுங்க. ஸ்கூல் நாள் காலையில் வந்து, பத்து மணிக்கு மேல் காணாமல் போய், சனி ஞாயிறு எட்டிப் பார்க்காமல், ஞாயிறு ராத்திரி திரும்ப ஆரம்பித்தால், அது பெரும்பாலும் ஸ்கூல் பதற்றம். லீவு நாளிலும் வலி, தூக்கத்தில் எழுப்பும் வலி, காய்ச்சல், வாந்தி, எடை குறைவு, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் என்றால் முதலில் டாக்டரிடம் காட்டுங்க.

'நடிக்காதே' என்று சொன்னால் பிள்ளை அடுத்த முறை உங்களிடம் சொல்லாது. 'வலிக்குதுன்னு தெரியுது. ஸ்கூலை நினைச்சா கொஞ்சம் பயமா இருக்கா?' என்று கேட்டால் பேச்சு ஆரம்பிக்கும்.

ஐந்தாம் வகுப்பு முடிந்து ஆறாம் வகுப்பு: அப்படி என்ன மாறுது?

எல்.கே.ஜி., ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அழுதால் எல்லாரும் புரிந்துகொள்கிறோம். ஆறாம் வகுப்புப் பிள்ளை அழுதால் 'இவ்வளவு பெரிய பிள்ளை' என்கிறோம். உண்மையில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் படித்துவிட்டு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு ஒரே நாளில் பல விஷயங்கள் மாறுகின்றன.

அங்கே ஒரு டீச்சர், இரண்டு டீச்சர். பிள்ளையின் வீடு, அம்மா பெயர் வரைக்கும் அவர்களுக்குத் தெரியும். இங்கே பாடத்துக்கு ஒருவர், பீரியடுக்கு ஒருவர். அங்கே ஐந்தாம் வகுப்பு என்றால் ஸ்கூலிலேயே பெரிய அண்ணன், அக்கா. இங்கே மீசை முளைத்த பிளஸ் டூ அண்ணன்களுக்கு நடுவில் இவன்தான் பொடியன்.

இன்னொன்றும் இருக்கு, பலர் கவனிக்காதது: காலை உணவு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவானது. ஆனால் அது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான். போன வருஷம் வரை ஸ்கூலில் பொங்கலோ உப்புமாவோ சாப்பிட்ட பிள்ளை, ஆறாம் வகுப்பில் அதை இழக்கிறது. மதிய சத்துணவு உண்டு, ஆனால் அதுவரை வெறும் வயிறு. வீட்டிலும் காலையில் சாப்பிடும் பழக்கம் விட்டுப் போயிருக்கும்.

'மூணாவது பீரியட்ல தலை சுத்துது', 'கணக்கு மண்டையில ஏறல' என்று பிள்ளை சொன்னால், ஸ்கூலைக் குறை சொல்வதற்கு முன்னாடி தட்டைப் பாருங்க. இரண்டு இட்லி, ஒரு டம்ளர் பழைய சோறு, ஒரு வாழைப்பழம், எதுவானாலும் சரி. வெறும் வயிற்றோடு அனுப்பாதீங்க.

பிள்ளைகள் உண்மையில் எதற்குப் பயப்படுகிறார்கள்?

பெரியவர்கள் பாடம், மார்க், இங்கிலீஷ் என்று நினைக்கிறோம். பிள்ளையின் தலையில் ஓடும் கேள்விகளே வேறு. டாய்லெட் எங்க இருக்கு? நடுவில் போகணும்னா யாரைக் கேட்கணும்? மதியம் யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடறது? பஸ்ஸை விட்டுட்டா என்ன பண்றது? என் பெயரைத் தப்பா கூப்பிட்டா எப்படிச் சொல்றது?

அதனால் 'இன்னைக்கு ஸ்கூல் எப்படி இருந்துச்சு?' என்று கேட்டால் 'ம்' என்றுதான் பதில் வரும். கேள்வியைச் சின்னதாக்குங்க. 'மதியம் யார் கூட உட்கார்ந்து சாப்பிட்டே?' 'எந்த சார் ஜாலியா பேசறார்?' 'இன்னைக்கு எது போர் அடிச்சது?'

வாட்டர் பாட்டிலும் பதில் சொல்லும். காலையில் நிரப்பியது சாயங்காலம் அப்படியே திரும்பி வந்தால், பிள்ளை டாய்லெட் போகப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கலாம். பெண் பிள்ளைகளிடம், மாதவிடாய் தொடங்கும் வயதில், இது அதிகம் நடக்கும். சிறுநீர்த் தொற்று வரை போய் நிற்கும். இதை வகுப்பு ஆசிரியரிடம் நேரடியாகவே பேசலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஸ்கூலில் நல்ல பிள்ளை, வீட்டுக்கு வந்தால் மட்டும் கோபம். ஏன்?

'கிளாஸ்ல அமைதியா இருக்கான்' என்று மிஸ் சொல்வார். வீட்டுக்கு வந்ததும் பையைத் தூக்கி எறிவான், தங்கச்சியோடு சண்டை, சாப்பாட்டில் குறை. புது இடத்தில் எட்டு மணி நேரம் அடக்கிப் பிடித்ததை எல்லாம் பாதுகாப்பான இடத்தில் இறக்கி வைக்கிறது பிள்ளை. அந்தப் பாதுகாப்பான இடம் நீங்கதான்.

வந்ததும் ஹோம்வொர்க், டியூஷன் என்று ஆரம்பிக்காமல், அரை மணி நேரம் சாப்பிட, சும்மா இருக்க, தெருவில் விளையாட விடுங்க. பழைய ஸ்கூல் நண்பர்களோடு வாரம் ஒரு முறை பேச, பார்க்க ஏற்பாடு செய்யுங்க. பழைய நட்பு இருந்தால் புது நட்பு வராது என்பது தப்பான எண்ணம். தான் யாருக்கும் வேண்டாதவன் இல்லை என்கிற தைரியம்தான் புது நட்புக்கு முதல்.

இந்த மண்ணிலேயே ஒரு உதாரணம்

வடலூர் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது வள்ளலார். 1823 அக்டோபர் 5 அன்று சிதம்பரம் பக்கம் மருதூரில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட, குடும்பம் ஊர் மாறி சென்னையில் குடியேறியது. அண்ணன் சபாபதிதான் பொறுப்பு. தம்பியைப் படிக்க அனுப்பினார். தம்பிக்கோ அதில் மனம் ஒட்டவில்லை.

அண்ணன் கோபத்தில் 'இவனுக்குச் சோறு போடாதே' என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் என்றும், அண்ணி யாருக்கும் தெரியாமல் சோறு போட்டு, பக்குவமாகப் பேசி, வீட்டிலேயே படிக்கச் சம்மதிக்க வைத்தார் என்றும் அவரது வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. பின்னாளில் அதே ராமலிங்கர்தான் 1867-ல் வடலூரில் பசித்தவர்களுக்குச் சோறு போடும் தருமச்சாலையைத் தொடங்கினார்.

ஸ்கூலுக்குப் போகாத பிள்ளை எல்லாம் மகான் ஆகிவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்க என்றும் இல்லை. பட்டினி போட்டு, மிரட்டி வழிக்குக் கொண்டுவர முடியவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேசிய ஒருவரால் முடிந்தது. பார்க்க வேண்டியது அதை மட்டும்தான். உங்கள் வீட்டில் அந்த 'அண்ணி' யார்? அப்பாவிடம் சொல்லாததை பாட்டியிடமோ, சித்தியிடமோ, மாமாவிடமோ பிள்ளை சொல்லலாம். அவர்களைப் பேச விடுங்க.

லீவு போட விடலாமா?

இதில்தான் பல பெற்றோர் சறுக்குகிறார்கள். பதற்றத்தால் அழும் பிள்ளையை 'சரி, இன்னைக்கு வேண்டாம்' என்று நிறுத்தினால், அந்த நிமிஷம் பிள்ளைக்கு நிம்மதி. ஆனால் 'போகாமல் இருந்தால் பயம் போயிடும்' என்று மனசு கற்றுக்கொள்ளும். மறுநாள் பயம் இன்னும் பெரிதாகும். விட்ட பாடமும் சேர்ந்துகொள்ளும்.

அதனால் உடம்பு சரியில்லாத நாள் தவிர, போவதை நிறுத்த வேண்டாம். போவதைச் சுலபமாக்குங்க. முதல் சில நாள் கேட் வரை போய் விடுங்க. யாராவது ஒரு பிள்ளையோடு சேர்ந்து போக ஏற்பாடு பண்ணுங்க. கேட்டில் நின்று அரை மணி நேரம் சமாதானம் செய்யாமல், 'சாயங்காலம் இதே இடத்துல நிப்பேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்க. சொன்ன நேரத்துக்கு நில்லுங்க. ஒரு நாள் லேட்டானாலும் அந்த நம்பிக்கை ஆட்டம் காணும்.

மீடியம் மாறினால்? மொழியே மாறினால்?

தமிழ் மீடியத்தில் இருந்து இங்கிலீஷ் மீடியத்துக்குப் போகும் பிள்ளைக்கு அறிவு குறைந்துவிடவில்லை. தெரிந்த விஷயத்தைச் சொல்ல வார்த்தை இல்லை, அவ்வளவுதான். 'ஒளிச்சேர்க்கை' பற்றி நன்றாகத் தெரிந்த பிள்ளை இங்கிலீஷ் பெயரைக் கேட்டதும் முழிக்கும். மாநிலப் பாடத்திட்டத்தின் தமிழ், ஆங்கிலப் புத்தகங்கள் இரண்டுமே அரசு இணையதளத்தில் இலவசமாக டவுன்லோட் செய்யக் கிடைக்கின்றன. ஒரே பாடத்தை இரண்டு மொழியிலும் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொன்னால் கொஞ்ச நாளில் பிடித்துக்கொள்ளும்.

வடலூருக்குப் பக்கத்தில் இருக்கும் நெய்வேலியில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். 1956-ல் நிலக்கரி நிறுவனம் தொடங்கியதில் இருந்து வெளிமாநிலக் குடும்பங்கள் அங்கே வந்து குடியேறி வருகின்றன. தமிழ்நாட்டில் 2006-ல் வந்த தமிழ் கற்கும் சட்டத்தின்படி, பள்ளிகளில் தமிழ் ஒரு கட்டாயப் பாடமாகப் படிப்படியாகக் கொண்டுவரப்பட்டது. இந்தியோ தெலுங்கோ பேசும் வீட்டுப் பிள்ளை 'அ, ஆ'வில் இருந்து ஆரம்பிக்கணும். உங்கள் பிள்ளையின் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், 'அவனோட சேர்ந்து சாப்பிடு' என்று சொல்லி அனுப்புங்க. ஒரு நட்பில் இரண்டு பிள்ளைகளுக்கும் பயம் குறையும்.

வேனில் ஏற மாட்டேன் என்றால்?

சில பிள்ளைகளுக்குப் பயம் ஸ்கூலில் இல்லை, வழியில் இருக்கு. 2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி 3 மாணவர்கள் உயிரிழந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. அந்தக் காட்சிகளைப் பிள்ளைகளும் டிவியில், போனில் பார்த்திருக்கிறார்கள். 'வேன் வேண்டாம்' என்று பிள்ளை சொன்னால் சிரிக்காதீங்க. எந்த வழியாகப் போகுது, கேட் குறுக்கே வருதா, உதவியாளர் இருக்கிறாரா, எத்தனை பிள்ளைகளை ஏற்றுகிறார்கள் என்று நீங்களே ஒரு நாள் போய்ப் பாருங்க. பார்த்ததைப் பிள்ளையிடம் சொல்லுங்க.

அரசு பஸ் என்றால், புது பாஸ் கைக்கு வரும் வரை யூனிஃபார்மையோ பழைய பாஸையோ காட்டிப் பயணிக்கலாம் என்று அண்மை ஆண்டுகளில் போக்குவரத்துத் துறை அறிவித்து வருகிறது. பிள்ளைக்கு இது தெரிந்திருந்தால் கண்டக்டரைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஸ்கூல் திறப்பதற்கு முன் ஒரு முறை அதே பஸ்ஸில் அழைத்துப் போய் வந்தால் இன்னும் நல்லது.

சரி, எத்தனை நாள் பொறுக்கலாம்?

நாள் கணக்கு பிள்ளைக்குப் பிள்ளை மாறும். ஆனாலும் பொதுவாக இப்படி வைத்துக்கொள்ளலாம்.

முதல் இரண்டு வாரம்: அழுகை, எரிச்சல், தூக்கம் குறைவது, சாப்பாடு இறங்காதது எல்லாமே சகஜம். பழகிக்கொள்ளும் காலம்.

மூன்று முதல் ஆறு வாரம்: அழுகை இருந்தாலும் குறைந்துகொண்டே வரணும். ஒரு பெயராவது வீட்டில் அடிபடணும். 'எங்க கிளாஸ்ல ஒருத்தன் இருக்கான்மா...' என்று ஆரம்பித்தால் பாதி பிரச்னை முடிந்தது என்று அர்த்தம்.

ஆறு வாரம் தாண்டியும் அப்படியே இருந்தால், அல்லது கூடிக்கொண்டே போனால்: இனி 'போகப் போக சரியாயிடும்' என்று விடக் கூடாது. ஸ்கூலில் உட்கார்ந்து பேசணும்.

கடலூர் மாவட்டப் பெற்றோருக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயல், வெள்ளத்தின்போது நடந்தது போல, ஸ்கூல் பல நாள் மூடும். ஜூன், ஜூலையில் அழுது பழகிய பிள்ளை, மழை லீவு முடிந்ததும் திரும்ப 'வயிறு வலி' என்று ஆரம்பிக்கலாம். பழையபடி ஆகிவிட்டதே என்று பதற வேண்டாம். லீவு நாளிலும் அதே நேரத்தில் எழுப்பி, ஒரு ஃபிரண்டிடம் போனில் பேச வைத்தால் இரண்டாவது முறை சீக்கிரம் சரியாகும்.

பழைய ஸ்கூலுக்கோ வேறு ஸ்கூலுக்கோ மாத்திடலாமா? அதற்கு முன் இதைப் படிங்க

ஆறாம் வகுப்புக்கு மேல் ஸ்கூல் மாற்றுவது பிள்ளையின் மனசு சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. எதிர்கால உரிமைகளும் அதில் அடங்கியிருக்கு.

நீட் எழுதும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் பொறியியல் உள்ளிட்ட தொழில் படிப்புகளுக்கும் வந்தது. பொதுவான நிபந்தனை: 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்கணும். கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் இதே 6 முதல் 12 கணக்கில்தான் தொடங்கின. இந்த இரண்டிலும் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் சேர்க்கப்பட்டுள்ளனர். கட்டாயக் கல்விச் சட்ட ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் 8-ம் வகுப்பு வரை படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்குத் தனி விதி உண்டு.

அதாவது, ஏழாம் வகுப்பில் ஒரு வருஷம் மட்டும் கட்டணம் கட்டித் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டு, எட்டாம் வகுப்பில் திரும்ப அரசுப் பள்ளிக்கு வந்தால், பிளஸ் டூ முடிக்கும்போது இந்தத் தகுதி கை நழுவலாம். பதினொரு வயதில் அழுததற்காக எடுத்த முடிவு பதினெட்டு வயதில் கணக்குக் கேட்கும். மாற்றக் கூடாது என்று சொல்லவில்லை. தெரிந்து மாற்றுங்க.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், சட்டம் உங்கள் பக்கம் இருக்கு. கட்டாயக் கல்விச் சட்டம் 2009-ன் 5-வது பிரிவின்படி, 8-ம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளை எந்தக் காரணத்துக்காகவும் அரசு அல்லது அரசு உதவிபெறும் பள்ளிக்கு மாற்றம் கேட்கலாம். தலைமை ஆசிரியர் உடனே டிசி தரணும். டிசி வரத் தாமதமானாலும், அதைக் காரணம் காட்டிப் புது ஸ்கூலில் சேர்க்கையை மறுக்கக் கூடாது. எமிஸ் தளத்தில் பிள்ளையின் பதிவு பழைய ஸ்கூலில் இருந்து விடுவிக்கப்பட்டு, புது ஸ்கூலில் சேர்ந்துவிட்டதா என்பதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்க.

எப்போ ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது?

இதுவரை சொன்னது எல்லாம் பழகுவதில் வரும் சிரமம். ஆனால் சில அறிகுறிகள் வேறு கதை சொல்லும்.

- உடம்பில் காயம், அடித்த தழும்பு, கிழிந்த சட்டை, அடிக்கடி காணாமல் போகும் பொருட்கள்
- ஒரு குறிப்பிட்ட ஆளை, இடத்தை, வேனை மட்டும் கண்டு நடுக்கம்
- சாதி, நிறம், உடல்வாகு, குடும்ப நிலையைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள் என்று சொல்வது
- பெரிய பிள்ளை திடீரென்று படுக்கையில் சிறுநீர் கழிப்பது, தனியாகத் தூங்க மறுப்பது
- யாராவது தொட்டார்கள், தொடச் சொன்னார்கள் என்று ஜாடையாகச் சொன்னாலும்கூட
- 'நான் இல்லாமப் போனா நல்லா இருக்கும்' என்பது போன்ற பேச்சு

இதில் ஒன்று இருந்தாலும் ஆறு வாரக் கணக்கு கிடையாது. அன்றைக்கே நடவடிக்கை எடுக்கணும். பிள்ளையிடம் 'நீ என்ன பண்ணினே?' என்று ஆரம்பிக்காதீங்க. 'நீ சொன்னது நல்லது. இது உன் தப்பு இல்லை' என்று ஆரம்பிங்க. ஸ்கூலில் அடிப்பதும் மனரீதியாகத் துன்புறுத்துவதும் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-வது பிரிவில் தடை செய்யப்பட்டவை. 'கண்டிப்புக்காகத்தான் அடிச்சோம்' என்பது சமாதானம் ஆகாது.

யாரைக் கூப்பிடலாம்?

- பள்ளிக் கல்வித் துறை உதவி எண்: 14417
- குழந்தைகள் உதவி எண்: 1098
- மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ்: 14416

கடைசி எண்ணும் முதல் எண்ணும் ஒரே மாதிரி இருப்பதால் குழப்பம் வரும். போனில் பெயரோடு பதிந்து வைத்துக்கொள்ளுங்க. நேரில் டாக்டரைப் பார்க்கணும் என்றால், கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகலாம். மனநல டாக்டரிடம் போவதால் பிள்ளைக்கு 'முத்திரை' விழுந்துவிடாது. காய்ச்சலுக்குப் போவது மாதிரிதான் இதுவும்.

கடைசியாக ஒன்று

இன்று சாயங்காலம் பிள்ளை வந்ததும் இரண்டே விஷயம் செய்யுங்க. வாட்டர் பாட்டிலைத் தூக்கிப் பாருங்க. 'மதியம் யார் கூட சாப்பிட்டே?' என்று கேளுங்க. பாட்டில் காலி, பதிலில் ஒரு பெயர் இருந்தால், பிள்ளை மெல்ல ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பாட்டில் நிறைய, பதிலில் 'யாருமில்ல' என்றால், நாளைக்குக் காலையில் வகுப்பு ஆசிரியரிடம் பத்து நிமிஷம் பேச நேரம் கேளுங்க.